சங்கிலியைத் தலைகீழாகத் திருப்பினால்: கணினிவழிக் கட்டடக்கலை ஓர் அறிமுகம்

கழுத்தில் அணியும் மெல்லிய சங்கிலி ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். நடுவில் தாழ்ந்து இருபுறமும் ஏறும் ஒரு வளைவு தானாகவே உருவாகும். கைகளை அருகருகே கொண்டுவந்தால் வளைவு ஆழமாகும். விலக்கினால் தட்டையாகும், விரல்களில் இழுப்பு கூடுவதும் தெரியும். நடுவே ஒரு மோதிரத்தைக் கோத்துவிட்டால், அந்த எடைக்கு ஏற்பச் சங்கிலி உடனே தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். சங்கிலியை அமுக்கினால் அது மடங்கிவிடும். இழுவிசையை மட்டுமே அதனால் தாங்க முடியும். எனவே, தன் எடையையும் தன்மீது ஏற்றிய எடையையும் முழுக்க இழுவிசையாகவே கடத்தக்கூடிய வடிவம் எதுவோ, அந்த வடிவத்தில் அது வந்து நின்றுவிடுகிறது.

இப்போது அந்த வளைவை அப்படியே உறையவைத்துத் தலைகீழாகத் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். இழுவிசை இருந்த இடமெல்லாம் அமுக்கவிசையாக மாறிவிடும். கல்லும் செங்கல்லும் கான்கிரீட்டும் இழுத்தால் எளிதில் விரிசல் விடுபவை. அமுக்கத்தை மட்டும் மிக நன்றாகத் தாங்குபவை. ஆகவே, தலைகீழான அந்த வடிவத்தில் கற்களை அடுக்கினால் அவை ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும். இதை 1675-இல் கண்டு சொன்னவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். தம் கண்டுபிடிப்பை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட ஒரு புதிராகவே அவர் வெளியிட்டார். அதற்கான விடை, அவர் இறந்தபின் 1705-இல்தான் அச்சானது. வளையக்கூடிய சங்கிலி எப்படித் தொங்குகிறதோ, தலைகீழாகத் திருப்பிய விறைப்பான வளைவு அப்படியே நிற்கும் என்பதே அந்த விடையின் சாரம்.

கணினிவழி வடிவமைப்பைப் பற்றிய கட்டுரையைச் சங்கிலியில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. இந்தத் துறையின் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது, கணினித் திரையில் வளைத்து நெளித்து வரைந்த விசித்திர வடிவக் கட்டடங்களும், அவற்றைக் கட்டும் ரோபோக்களும்தான். அந்தப் படிமம் துறையின் உயிர்நிலையை மறைத்துவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். பொருளை அள்ளிக் கொட்டிப் பெறும் வலுவை, வடிவத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதன் மூலம் பெறுவதற்கான வழியைக் கணினி திறந்துவிட்டது என்பதே இதில் கவனிக்க வேண்டிய செய்தி. இதை விளக்க, சூரிக் நகரின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைத் துறையில் பேராசிரியராக இருக்கும் ஃபிலிப் பிளாக் என்பவரின் ஆய்வுக்குழு செய்த வேலைகளைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறேன். பெல்ஜியத்தைச் சேர்ந்த பிளாக், அமெரிக்காவின் எம்ஐடி-யில் ஜான் ஆக்சென்டார்ஃப் என்ற பேராசிரியரிடம் பழைய கல் வளைகூரைகள் எப்படி நிற்கின்றன என்று ஆராய்ந்து 2009-இல் முனைவர் பட்டம் பெற்றவர். தேவாலயங்களின் பல நூற்றாண்டுப் பழமையான கூரைகளைப் படித்த ஒருவர் கணினிவழிக் கட்டடக்கலையில் முன்னணிக்கு வந்தது தற்செயல் அன்று. அது ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். கணினியில் வீட்டின் வரைபடம் வரைவது இன்று எல்லா ஊர்களிலும் நடக்கிறது. அதைக் கணினிவழி வடிவமைப்பு என்று சொல்வதில்லை. அங்கே கணினி ஒரு வரைபலகைதான். நீங்கள் வரைந்த கோடு வரைந்த இடத்தில் இருக்கும். ஒரு தூணை அரை மீட்டர் நகர்த்தினால், அதைச் சார்ந்த உத்தரம், சுவர், சன்னல் எல்லாவற்றையும் நீங்களே ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். கணினிவழி வடிவமைப்பில் கோட்டை வரைவதற்குப் பதிலாகக் கோடுகளுக்கு இடையிலான உறவை எழுதிவைக்கிறோம். தூண்களின் இடைவெளி இவ்வளவு என்றால் கூரையின் உயரம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்றால் கற்களின் தடிமன் இவ்வளவு என்று விதிகளாகச் சொல்லிவிட்டால், ஓர் எண்ணை மாற்றிய மறுகணம் முழுக் கட்டடமும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. மோதிரத்தைக் கோத்ததும் சங்கிலி தன்னை மாற்றிக்கொண்டதே, அதே நடத்தைதான். டிஜிட்டல் உருவாக்கம் என்பது இதன் மறுபாதி. இப்படிக் கிடைத்த வடிவத்தை இடையில் தாளில் அச்சிட்டு, ஒருவர் பார்த்து, அளந்து, வெட்டுவதற்குப் பதிலாக, வடிவத்தின் எண்களை நேரே இயந்திரத்துக்கு அனுப்பி வெட்டவோ அடுக்கவோ அச்சிடவோ பின்னவோ செய்வதையே அந்தச் சொல் குறிக்கிறது.

சங்கிலி வழியைக் கணினி வருவதற்கு வெகு முன்பே ஒருவர் அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்த்தார். ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் அந்தோனி காவுடி, பார்சலோனாவுக்கு அருகே கொலோனியா குவெல் என்ற தொழிலாளர் குடியிருப்புக்கான தேவாலயத்தை வடிவமைப்பதற்காக, நூல்களைக் கோத்து, அவற்றில் ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறுசிறு பைகளைக் கட்டி, பெரிய மாதிரி ஒன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். எடையெல்லாம் இறங்கி அமைதியானதும் அதைப் புகைப்படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பி, அதன்மேல் கட்டடத்தை வரைந்தார். ஒரு நூலின் நீளத்தை மாற்றினால் மாதிரி முழுவதும் அசைந்து புதிய நிலைக்கு வரும். அப்படியானால் அந்த மாதிரியே ஒரு கணினி என்று சொல்வதில் பிழையில்லை. கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது புவியீர்ப்பு. ஆனால் அந்தக் கணினியில் ஒரு திருத்தம் செய்ய ஏணியில் ஏறி முடிச்சு அவிழ்க்க வேண்டும். மாதிரி வேலை சுமார் பத்து ஆண்டுகள் எடுத்தது. தேவாலயத்தின் கீழ்த்தளப் பகுதி மட்டுமே கட்டி முடிக்கப்பட்டது.

பிளாக் செய்தது இந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. ஒற்றைச் சங்கிலிக்கு விடை ஒன்றுதான். வளைகூரை என்பதோ பல திசைகளிலும் ஓடும் வலை. வலையில் எந்தத் திசையில் எவ்வளவு விசை போக வேண்டும் என்பதற்குக் கணக்கற்ற விடைகள் இருக்கலாம். அவற்றில் வேண்டியதை வடிவமைப்பாளரே தேர்ந்தெடுக்க வழி வேண்டும். இதற்கு அவர் பயன்படுத்திய கருவியும் பழையதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில், அதே சூரிக் கல்வி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த கார்ல் கல்மன், விசைகளை எண்களாகக் கணக்கிடாமல் கோடுகளாக வரைந்தே கண்டுபிடிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். அதில் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்று கட்டடத்தின் வடிவம். மற்றது விசைகளின் படம். முதல் படத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டாம் படத்தில் இணையான ஒரு கோடு உண்டு, அந்தக் கோட்டின் நீளமே அந்த உறுப்பில் ஓடும் விசையின் அளவு. தட்டையான தாளில் வரைந்த இந்த இரட்டைப் படத்தை முப்பரிமாண வளைகூரைக்கு நீட்டியதுதான் பிளாக்கின் முனைவர்பட்ட ஆய்வு. திரையில் விசைப் படத்தின் கோட்டை நீட்டினால், அந்த வழியே அதிக விசை பாயும். அதற்கேற்பக் கூரை அங்கே தாழ்ந்து இறுகும். கோட்டைச் சுருக்கினால் மேலெழும். காவுடிக்குப் பல நாள் பிடித்திருக்கக்கூடிய ஒரு திருத்தம் விரலசைவில் முடிந்துவிடுகிறது. தன் எடையைத் தாங்கி நிற்காத வடிவத்தை வரைய இந்தக் கருவி இடமே கொடுப்பதில்லை என்பது அதைவிடப் பெரிய வசதி.

வடிவம் கிடைத்துவிட்டது என்றால் வேலை முடிந்துவிட்டதா என்றால், உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. 2016-இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில், முன்னொரு காலத்தில் கப்பல்களுக்குக் கயிறு திரித்த பழைய கூடத்துக்குள், பிளாக்கின் குழு ஒரு சுண்ணாம்புக்கல் வளைகூரையை நிறுத்தியது. ஆர்மடில்லோ என்ற செதில் போர்த்த விலங்கின் பெயரே அதற்கு. 399 கற்கள், அவற்றில் ஒவ்வொன்றும் தனி வடிவம். கற்களுக்கிடையே சாந்து இல்லை, உள்ளே கம்பி இல்லை, பசையும் இல்லை. 15 மீட்டருக்கும் கூடுதலான அகலத்தைத் தாண்டிப் பாயும் அந்தக் கூரையின் தடிமன், நடுப்பகுதியில் 5 செ.மீ., கால் ஊன்றும் இடங்களில் 12 செ.மீ. அளவோடு அளவு ஒப்பிட்டால், முட்டை ஓட்டைவிடவும் மெல்லியது.

399 வெவ்வேறு கற்களை யாராவது உட்கார்ந்து வரைந்தார்களா? விதிகளை எழுதினார்கள். இரண்டு கற்கள் சேரும் முகம், அங்கே ஓடும் விசைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்வாக இருந்தால் கல் வழுக்கும். செங்கல் சுவரில் மேல்வரி இணைப்பும் கீழ்வரி இணைப்பும் ஒரே கோட்டில் வரக்கூடாது என்று கொத்தனார் பார்த்துப் பார்த்து வைப்பாரே, அதுவும் ஒரு விதியாக உள்ளே இருக்க வேண்டும். கல் இயந்திரத்தில் அடங்கும் அளவில் இருக்க வேண்டும். ஆட்கள் ஏற்றி வைக்கக்கூடிய எடைக்குள் இருக்க வேண்டும். இத்தனைக்கும் உட்பட்டுக் கணினி நிரல் கூரையைக் கற்களாகப் பிரித்துக் கொடுத்தது.

அடுத்தது வெட்டும் வேலை. இங்கே சற்று நின்று பார்ப்பது பயன் தரும், ஏனென்றால் டிஜிட்டல் உருவாக்கத்தின் நுட்பம் இத்தகைய சின்னஞ்சிறு முடிவுகளில்தான் இருக்கிறது. கல்லின் எல்லா முகங்களையும் வளைவாக இழைப்பதென்றால், ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் ஆகும். 399 கற்களுக்கு அந்த நேரம் கிடையாது. எனவே கல்லின் ஒரு முகத்தைத் தட்டையாகவே விட்டுவிட்டார்கள். அப்படிச் செய்தால் கல்லை இயந்திரத்தில் புரட்டிப்போட்டு மறுபடி பொருத்த வேண்டியதில்லை. வளைய வேண்டிய முகத்தில் வட்டரம்பத்தைச் சிறு இடைவெளிகள் விட்டு இணையிணையாக ஓட்டினார்கள். வெட்டுகளுக்கு நடுவே மெல்லிய கல் தகடுகள் சீப்புப் பற்கள்போல நிற்கும். அவற்றைச் சுத்தியலால் தட்டி உடைத்தால் போதும். வரிவரியான அந்தச் சொரசொரப்பு மறைக்கப்படாமல் முடிந்த கட்டடத்தில் அப்படியே தெரிந்தது. விசை பாயும் பக்க முகங்கள் மட்டும் மிகத் துல்லியமாக வெட்டப்பட்டன. துல்லியம் எங்கே வேண்டும், எங்கே வேண்டியதில்லை என்று தெரிந்து செலவழிப்பதே இந்தத் துறையில் கைத்திறன் என்று நான் கருதுகிறேன்.

கற்களை வெட்டியதும் அடுக்கியதும் டெக்சாஸைச் சேர்ந்த எஸ்கொபீடோ என்ற கல்வேலை நிறுவனத்தின் ஆட்கள். முழுக் கூரையையும் அங்கேயே ஒருமுறை அடுக்கிச் சரிபார்த்துவிட்டுப் பிறகு வெனிசுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். வெனிசில் மரச் சட்டகம் அமைத்து, அதன்மேல் கற்களைக் கையால் ஒவ்வொன்றாக வைத்து, கடைசியில் சட்டகத்தை மெதுவாகத் தாழ்த்தினார்கள். அந்தச் சட்டகத்தைத்தான் நம் கட்டுமானத் தொழிலாளர்கள் சென்ட்ரிங் என்கிறார்கள். அந்தச் சொல்லே, வளைவு கட்டும்போது கற்களைத் தற்காலிகமாகத் தாங்கும் சட்டகத்துக்கு வைத்த பெயராகத் தொடங்கியது. நம்மூரில் அது தட்டையான சிலாப்புக்குக் கீழே அடிக்கும் பலகைக்கும் சேர்த்துப் பெயராகிவிட்டது. அந்தப் பழைய கூடம் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் தரையில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. வளைவின் கால்களோ எப்போதும் வெளிப்புறமாக விலகவே முயலும். சங்கிலியை விரித்துப் பிடித்தபோது விரல்கள் உணர்ந்த இழுப்பின் தலைகீழ் வடிவம் அது. அதற்காகக் கால்களை எஃகுத் தகடுகளில் ஊன்றி, இழுகம்பிகளால் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டார்கள்.

இந்த வேலையின்மீது நியாயமான ஒரு கேள்வி எழும். ஒரு கண்காட்சிக்காகக் கல்லைக் கடல் கடந்து கொண்டுபோய் அடுக்குவதில் யாருக்கு என்ன பயன்? கூரை மட்டும் என்றால் கேள்வி சரியே. ஆனால் அதே கண்காட்சியில் அதற்குப் பக்கத்திலேயே, வளைந்த ஓடு 2 செ.மீ. மட்டுமே தடித்த மாடித்தளத்தின் மாதிரிகளும் வைக்கப்பட்டிருந்தன. என் பார்வையில் இந்தத் துறை உலகுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அந்த மாடித்தளத்தில் இருக்கிறது.

நாம் வழக்கமாகப் போடும் கான்கிரீட் சிலாப் தட்டையானது. அதன்மேல் நடமாடும்போது அது மிக நுண்ணிதாகக் கீழ்நோக்கி வளைகிறது. மேற்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. இழுபடும் பகுதியில் கான்கிரீட்டால் பயன் மிகக் குறைவு, அதனால்தான் அங்கே கம்பி கட்டுகிறோம். அந்தப் பகுதியில் இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் கம்பியைப் பிடித்துவைத்துக்கொண்டு, தன் எடையால் கட்டடத்துக்கு மேலும் பாரம் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பல மாடிக் கட்டடத்தின் எடையில் பெரும்பங்கு இத்தகைய தளங்கள்தாம். தளம் கனத்தால் தூண் பருக்கும், தூண் பருத்தால் அடித்தளம் ஆழமாகும். உலகில் மனிதர் வெளியேற்றும் கார்பன் டைஆக்சைடில் சுமார் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பிளாக்கின் குழு செய்த தளம், கீழிருந்து பார்த்தால் ஆழமில்லாத வளைகூரை. அதன் முதுகில் மெல்லிய கான்கிரீட் விலாக்கள் நிற்கும். ஆள் ஒரு மூலையில் நின்றாலும் மறுமூலையில் நின்றாலும் அந்த மெல்லிய வளைந்த ஓடு குலையாமல் அவை பிடித்துக்கொள்ளும். நான்கு மூலைகளையும் இழுகம்பிகள் பிணைக்கும். விலாக்களுக்கு இடையிலான வெற்றிடத்தில் மின்சாரக் குழாய்களையும் காற்றுக் குழாய்களையும் ஓட்டலாம். வழக்கமான சிலாப்போடு ஒப்பிட்டால் கான்கிரீட் 70 சதவீதம் வரை குறைகிறது. விசை முழுவதும் அமுக்கமாகவே பரவலாகப் போவதால், மிக வலுவான கான்கிரீட்டும் தேவைப்படுவதில்லை. சூரிக் அருகே டியூபென்டார்ஃபில், ஆய்வுக்காகவே எழுப்பிய நெஸ்ட் என்ற கட்டடத்தின் உச்சியில் 2021-இல் திறக்கப்பட்ட ஹைலோ என்ற பகுதியில் இவ்வகைத் தளம் புழக்கத்துக்கு வந்தது. இந்தத் தளத்துக்குப் பின்னால் இருந்த உழைப்பில் பெரும்பங்கு, பிளாக்கின் முதல் மாணவர்களில் ஒருவரும் 2019-இல் இளம் வயதில் மறைந்தவருமான மத்தியாஸ் ரிப்மனுடையது. அவர் நினைவாக அது ரிப்மன் தளம் என்றே அழைக்கப்படுகிறது.

இவ்வளவு நல்ல வடிவம் என்றால் ஏன் எல்லாரும் முன்பே கட்டவில்லை என்று கேட்கலாம். தடை பெரும்பாலும் சென்ட்ரிங்கில் இருந்தது. மெக்சிகோவில் 1950-களில் ஃபெலிக்ஸ் கந்தேலா என்பவர் சில செ.மீ. தடிமனில், முட்டை ஓடுபோல வளைந்த கூரைகளாக, அற்புதமான கான்கிரீட் ஓடுகளைக் கட்டினார். சேணம்போல வளைந்த ஒரு மேற்பரப்பை அவர் விரும்பித் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், வளைவாகத் தோன்றினாலும் அதை நேரான பலகைகளைக் கொண்டே உருவாக்கிவிடலாம் என்பதுதான். அப்படியும் தச்சு வேலை மிகுதி. கூலி உயர்ந்தபோது அவ்வகைக் கூரைகள் கட்டுப்படியாகாமல் போயின.

2018-இல் மெக்சிகோ நகரின் சமகாலக் கலை அருங்காட்சியகத்தில், கந்தேலாவை நினைவுகூரும் வகையில், பிளாக்கின் குழு ஸாஹா ஹதீத் கட்டடக்கலை நிறுவனத்தோடு சேர்ந்து கட்டிய ஓட்டில் பலகைக்குப் பதிலாகத் துணி இருந்தது. அதை வழிநடத்தியவர், அப்போது அந்தக் குழுவில் ஆய்வு மாணவியாக இருந்து இன்று டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் மரியானா பொபெஸ்கு. கம்பளிச் சட்டை பின்னும் வகையைச் சேர்ந்த தொழிற்சாலை இயந்திரத்தில் சுமார் 36 மணி நேரத்தில் நான்கு நீண்ட பட்டைகளாக அந்தத் துணி பின்னப்பட்டது. நெய்த துணியை வளைந்த வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் வெட்டித் தைக்க வேண்டும். பின்னல் துணியிலோ, சட்டையின் தோள்பட்டையும் காலுறையின் குதிகாலும் வருவதுபோல, வரிசைக்கு வரிசை கண்ணிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்தே வளைவைக் கொண்டுவந்துவிடலாம். எந்த வரிசையில் எத்தனை கண்ணி என்பதை நிரல் சொல்லும். துணிக்குள்ளேயே கம்பிவடம் நுழையும் வழிகளும், சிறு பைகளும் பின்னப்பட்டிருந்தன. பைகளுக்குள் சாதாரண பலூன்களைச் செருகி ஊதினார்கள், கான்கிரீட் இறுகியபின் அவை இருந்த இடம் வெற்றிடமாகி எடையைக் குறைக்கும். 25 கிலோ எடையுள்ள அந்தத் துணி சுவிட்சர்லாந்திலிருந்து விமானப் பயணிகளின் பெட்டிகளிலேயே போனது. அங்கே அதை இழுத்துக் கட்டி, மெல்லிய சிமென்ட் குழம்பு பூசி விறைக்கவைத்து, அதன்மேல் உள்ளூர்த் தொழிலாளர்கள் கையால் கான்கிரீட் பூசினார்கள். கிடைத்த ஓட்டின் எடை 5 டன்னுக்கு மேல்.

முப்பரிமாண அச்சிலும் இதே சிந்தனை செயல்பட்டதை 2021-இல் வெனிசில் ஒரு பூங்காவில் நிறுத்திய ஸ்ட்ரையட்டஸ் என்ற நடைபாலத்தில் காணலாம். பொதுவாகக் கான்கிரீட் அச்சிடும் இயந்திரங்கள், இடியாப்ப மாவைப் பிழிவதுபோலக் கான்கிரீட்டைப் பிழிந்து கிடைமட்டமாக அடுக்கிக்கொண்டே போகும். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே ஒட்டுதல் குறைவு என்பதால் இழுத்தால் அங்கேதான் பிரியும். ஸ்ட்ரையட்டஸ் பாலத்தின் 53 கட்டிகளிலும் அடுக்குகள் சாய்வாகப் பிழியப்பட்டன. பாலத்தில் விசை எந்தத் திசையில் ஓடுகிறதோ, அதற்குக் குறுக்காகவே ஒவ்வோர் அடுக்கும் அமைந்தது. எனவே பாலத்தின் எடையே அடுக்குகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. கம்பியும் சாந்தும் இல்லாததால் கட்டிகளைப் பிரித்தெடுத்து வேறிடத்தில் மறுபடி அடுக்கவும் முடியும்.

இந்த முறைகளுக்கு இடர்கள் இல்லாமல் இல்லை. நிலநடுக்கமும் ஒருபக்கமாக ஏறும் பாரமும் சங்கிலிக் கணக்குக்குள் தாமாக அடங்குவதில்லை. அவற்றைத் தனியே சோதிக்க வேண்டும். மெல்லிய தளம் ஒலியையும் அதிர்வையும் எளிதில் கடத்தும் என்பதால் அதற்கும் தீர்வு தேவை. கட்டட விதிமுறைகள் பெரும்பாலும் தட்டையான, கம்பி கட்டிய சிலாப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. புதிய தளத்துக்கு ஒப்புதல் பெற, ஒவ்வொரு முறையும் உடைத்துக் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

தொடங்க நினைப்பவர்களுக்கு, இந்தக் குழு தன் கருவிகளைப் பூட்டிவைக்கவில்லை என்பது நல்ல செய்தி. காம்பஸ் என்ற பெயரில் பைத்தான் என்ற நிரல்மொழியில் அவர்கள் எழுதிவரும் நிரல்தொகுப்பு திறந்த மூலமாகக் கிடைக்கிறது. ரிப்மன் உருவாக்கத் தொடங்கிய ரைனோவால்ட் என்ற கருவி, ரைனோ என்னும் வடிவமைப்பு மென்பொருளுக்குள் இலவச இணைப்பாக இயங்குகிறது. முதல் பயிற்சியாக ஒரு சதுரத்தை வரைந்து, அதன் நான்கு மூலைகளை மட்டும் ஊன்றுகால்களாகக் குறித்து, கூரையை எழுப்பிப் பாருங்கள். பிறகு விசைப் படத்தில் ஏதாவது ஒரு விளிம்பின் கோட்டைக் கொஞ்சம் சுருக்குங்கள். அந்தப் பக்கத்து வளைவு மெல்ல உயர்ந்து, ஒரு நுழைவாயில்போலத் திறந்துகொள்ளும்.